மடக்கி வைத்த நிழல்

தோட்டப்பயிர் நிழல் மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அதன் பாலக்கோடு உட்கோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த ஐந்து பேரிலேயே இரண்டு பேருக்கு அது நிச்சயமாகத் தெரியாது. தக்காளி நாற்று வெயிலில் கருகாமல் இருக்க விவசாயிகளுக்கு நிழல்வலை கொடுப்பது வாரியத்தின் தலையாய நோக்கம். அலுவலகம் ஒரு தகரக் கூரையின் கீழ் இயங்கியது. சித்திரை வந்துவிட்டால் ஊழியர்கள் எதிர் டீக்கடைப் பந்தலுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தபடியே நிழலை மேம்படுத்துவார்கள்.

அங்கே மாதவராஜ் இளநிலை உதவியாளர். வயது முப்பத்தொன்பது. பதினாறு வருட சர்வீசில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ஒரு வேலையை முடித்ததும் இல்லை. முடிப்பது அவர் பிரிவில் வராது. கோப்பை வாங்குவார், எண் போடுவார், அடுத்த மேசைக்குத் தள்ளுவார். அடுத்த மேசை வேறொரு எண்ணைப் போட்டு அவருக்கே திருப்பித் தள்ளும்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு தை மாதத்துப் புதன்கிழமை பிற்பகலில், மடக்குக் கத்தி ஒன்று வாங்குவது எனத் தீர்மானித்தார்.

காரணம் செல்போனில் வந்த ஒரு வீடியோ. பனி மூடிய ஏதோ ஒரு மலையில் தாடிக்காரர் ஒருவர் நின்றுகொண்டு, விவரமான ஆண்மகன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவன் பாக்கெட்டில் ஐந்து பொருள் இருந்தாக வேண்டும் என்று சொன்னார். மாதவராஜ் தம் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். செல்போன் இருந்தது. பர்ஸ் இருந்தது. சாவி, கைக்குட்டை இருந்தன. ஆக மொத்தம் நான்கு; கத்தி இல்லை. இத்தனை வருஷமாகத் தாம் இருபது சதவீதம் குறைவாக வாழ்ந்து வந்திருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கத்தி வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது போல இல்லை. எஃகில் மட்டும் நாற்பது ஜாதி இருந்தது. ஒன்றை உயர்த்திப் பேசுகிறவர் இன்னொன்றின் வீட்டில் கை நனைக்க மாட்டார் போலிருந்தது. பிடியில் மரம், கொம்பு, அலுமினியம். விரித்த கத்தி தானாக மடங்காமல் இருப்பதற்கென்று ஆறுவிதப் பூட்டு. பாக்கெட்டில் செருகும் கிளிப் வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதைப் பற்றியே இரண்டு மணி நேர விவாதம் ஒன்று கிடைத்தது. மாதவராஜ் அதை முழுதாகக் கேட்டு, இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதாக உணர்ந்தார்.

முப்பத்தொரு கத்திகளை ஒப்பிட்டு, பதினான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையை அலுவலகக் கணினியில் தயாரித்தார். அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டு டீக்குப் போனபோது, உட்கோட்ட நிழல் அலுவலர் வீரமணி அதை மாதாந்திர முன்னேற்ற அறிக்கை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு, தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார். பத்து நாளில் பதில் வந்தது: ‘சென்ற மாதத்தைவிட முன்னேற்றம் தென்படுகிறது. இதே வேகத்தைத் தொடரவும்.’

வீட்டில் இவ்வளவு ஆதரவு கிடைக்கவில்லை. மனைவி சசிகலா ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. இல்லாத கேள்வியைக்கூடக் கேட்டுப் பழகியவர்.

“இத வெச்சு என்னத்த வெட்டப் போறீங்க?”

“வெட்டறது முக்கியமில்ல சசி. வெட்டணும்னா வெட்டலாம்ங்கற நெலமையில இருக்கணும். அதான் பாயிண்டு.”

“அந்த நெலமையில நான் தெனமும் காலைல அஞ்சரைக்கே இருக்கறேன். வெங்காயம் அரிஞ்சிட்டு.”

பங்குனியில் கத்தி கூரியரில் வந்தது. கத்தியைப் பெட்டியில் போட்டு, பெட்டியை இன்னொரு பெட்டியில் போட்டு, அதன் எல்லாப் பக்கமும் பழுப்பு டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார்கள். மாதவராஜ் நகத்தால் பிராண்டினார். பல்லால் கடித்தார். திறப்பதற்கு ஒரு கத்தி இருந்தால் தேவலை என்று தோன்றியது. அது உள்ளே இருந்தது. சசிகலா ஸ்கூட்டி சாவியால் ஒரு கோடு இழுத்துப் பெட்டியைப் பிளந்து கொடுத்துவிட்டு, ரசத்துக்குத் தாளிக்கப் போனார்.

கத்தி அழகாக இருந்தது. கட்டைவிரலால் தள்ளினால் ‘டிக்’ என்று விரிந்தது. மடக்கினால் ‘டுக்’ என்றது. அந்த வாரம் முழுக்க மாதவராஜின் பாக்கெட்டிலிருந்து டிக்கும் டுக்கும் வந்துகொண்டே இருந்தன.

வெட்டுவதற்குத்தான் எதுவும் அகப்படவில்லை. கத்தியில்லாத காலத்தில் உலகமே கந்தலும் கயிறுமாகத் தெரிந்தது; கத்தி வந்த பிறகு எல்லாப் பொருளும் ஏற்கெனவே வெட்டப்பட்டுத்தான் கண்ணில் பட்டது. தக்காளி மண்டிக்குப் போய் நின்றார். தக்காளிப் பெட்டியைக் கட்டிய சணலை அறுக்க மூட்டை தூக்குபவர் ஒருவர் தடுமாறுவது போலிருக்க, இவர் டிக்கென்று முன்னால் பாய்ந்தார். “ஒத்திக்கோ சார், லோடு வருது” என்றபடி அவர் சணலை வெறுங்கையால் இழுத்து அறுத்துவிட்டுப் போய்விட்டார். டீக்கடையில் பன்னை இரண்டாக வெட்டிக் காட்டினார். மாஸ்டர் பார்த்துவிட்டு, “பிச்சித் தின்னா ஆவாதா சார்?” என்று கேட்டார்.

பதினோராவது நாள், செவ்வாய்க்கிழமை, ரோசம்மாள் வந்தார்.

ரோசம்மாளுக்கு மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் தக்காளி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நிழல்வலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அன்றிலிருந்து மாதம் ஒரு செவ்வாய் வந்து விசாரித்துவிட்டுப் போவார். அவருடையதையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேருடைய விண்ணப்பங்கள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, பீரோவின் மேல்தட்டில் இருந்தன. அந்தக் கட்டில்தான் சிக்கல். அதைக் கட்டியவர் அலுவலக உதவியாளர் முனியப்பன். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக வரலாறு இல்லை. முன்பிருந்த அலுவலர் ஒருவர் முயன்று, நகம் பெயர்ந்து மருத்துவ விடுப்பில் போய், அப்படியே மாறுதல் வாங்கிக்கொண்டார். கோப்பு நாடாவை அவிழ்க்கலாம், வெட்டக் கூடாது என்பது விதி. ஆகவே, ‘முடிச்சை அவிழ்க்கும் பணி முழுவீச்சில் நடைபெற்று வருகிறது’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமையகத்துக்குக் கடிதம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“என்ன சார், முடிச்சி எப்பிடி இருக்குது?” என்று ரோசம்மாள் கேட்டார். உறவுக்காரரை நலம் விசாரிப்பது போலிருந்தது.

“நல்லா கெட்டியா இருக்குதும்மா” என்றார் முனியப்பன் பெருமையாக. கட்டை இறக்கி மாதவராஜின் மேசைமேல் வைத்து, “நீங்களே பாருங்க, ஒரு இம்மி நவுந்திருக்குதா?” என்று காட்டினார்.

“ஒருவாட்டி உள்ள இருக்கறத பாத்துட்டுச் செத்தா போதும்னு இருக்குது.”

மாதவராஜ் அந்த முடிச்சைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. தாம் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிவதற்குள் டிக் என்றது.

நாடா இரண்டாக விழுந்தது. பதினோரு வருஷம் மூச்சை அடக்கி இருந்த காகிதங்கள் ‘உஸ்’ஸென்று உப்பி எழுந்தன. முனியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “வெட்டிட்டீங்களே சார். பெத்த புள்ள மாதிரி இருந்துச்சே.”

மேலே இருந்த தாளை மாதவராஜ் எடுத்துப் படித்தார். அடுத்ததையும் படித்தார். நாற்பத்து மூன்றும் விண்ணப்பங்கள் அல்ல, ஆணைகள். கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, பதினோரு வருஷத்துக்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. உரியவர் கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆணை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் வலையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கீழே போட்டிருந்தது. யார் கைக்கும் கிடைக்காததால் ஒன்றுமே காலாவதி ஆகவில்லை.

“ரோசம்மா, உங்களுக்கு வலை எப்பவோ சாங்க்ஷன் ஆயிடுச்சிங்க!” என்று மாதவராஜ் கத்தினார். பதினாறு வருஷத்தில் அவர் முடித்த முதல் வேலை அது. காது மடலெல்லாம் சூடாகி, கண்ணில் நீர் வந்தது. எழுந்து நின்று யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் முனியப்பன்தான் இருந்தார். அவர் துக்கத்தில் இருந்தார்.

சத்தம் கேட்டு வீரமணி அறையிலிருந்து வந்தார். திறந்து கிடந்த கோப்பைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“யாருய்யா இத தொறந்தது?”

“நான்தான் சார். ஆணை எல்லாம் ரெடியா இருக்குது. குடுத்துரலாம்.”

“குடுத்தா, பதினோரு வருஷமா ஏன் குடுக்கலன்னு கேப்பான். முடிச்சு இருந்தா முடிச்சு மேல பழி. இப்ப முடிச்சு இல்ல. பழி யாரு மேல?”

வீரமணி ரோசம்மாளை அடுத்த செவ்வாய் வரச் சொல்லிவிட்டு, உடனடி விசாரணையைத் தொடங்கினார்.

“ஆபீசுக்குக் கத்தி எதுக்குக் கொண்டுட்டு வந்தீங்க?”

“தெனமும்தான் சார் கொண்டுட்டு வர்றேன்.”

“அப்ப தெனமும் குத்தம். பதினோரு நாள்னா பதினோரு குத்தம். சனி ஞாயிறு கழிச்சா ஏழு. என்ன நோக்கத்துல கொண்டு வந்தீங்க?”

“எதாச்சும் வெட்டலாம்னு.”

“எதாச்சும்னா? நாடாவ வெட்டினீங்க, இன்னிக்கு. நாளைக்கு?”

“நாளைக்கு எதுவும் ஐடியா இல்ல சார்.”

“எழுதிக்குங்க முனியப்பன். நாளைக்குத் திட்டமேதும் இல்லாமலே கத்தி வைத்திருப்பவர்.”

மாலைக்குள் மெமோ தயாராகிவிட்டது. அரசு உடைமையான பருத்தி நாடாவை, நீளம் ஒன்றேகால் அடி, மேற்படியாளர் மேலதிகாரியின் முன் அனுமதியின்றிச் சேதப்படுத்தி, அதன் மூலம் பதினோரு ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டுடன் இருந்த ஒரு கோப்பைத் தன்னிச்சையாகத் திறந்தமைக்கு, ஊதிய உயர்வை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது. கத்தி சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டு, உறையில் இடப்பட்டது. உறையைக் கட்டும் பொறுப்பை முனியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தமுறை அவர் ஒன்றுக்கு நான்காக முடிச்சுப் போட்டு, முடிச்சுகளையும் ஒன்றோடொன்று முடிந்தார்.

ரோசம்மாள் என்ன செய்தார் என்றால், மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே ஊர் போய்ச் சேரும்வரை நடந்ததைச் சொல்லிக்கொண்டு போனார். முன்சீட்டில் கேட்டவர் வெள்ளிச்சந்தையில் இறங்கிச் சொன்னார். பின்சீட்டில் கேட்டவர் சொன்னபோது, கத்தி அருவாளாக வளர்ந்திருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலக வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். இண்டூரிலிருந்துகூட ஒரு டெம்போ வந்திருந்தது.

“கத்தி சார் யாருங்க?” என்று எல்லோரும் கேட்டார்கள். மாதவராஜ் பாத்ரூமில் ஒளிந்துகொண்டார். மெமோ வாங்கிய மனிதர் மக்கள் முன்னால் தோன்றலாமா கூடாதா என்பது விதியில் தெளிவாக இல்லை.

வீரமணி தலைமையகத்தைக் கூப்பிட்டார். “சார், ஆபீஸ் வாசல்ல கூட்டம் சார். கத்தி வேணும்னு கேக்கறாங்க.”

அவர்கள் கேட்டது கத்தி சாரை. ‘சார்’ என்ற சொல் பதற்றத்தில் இடம் மாறிவிட்டது. சொல் ஒன்று இடம் மாறினால் அரசாங்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தலைமையகத்தில் அன்று காலைதான் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வாரியத்தால் யாருக்காவது ஏதாவது பயன் உண்டா என்று மேலே யாரோ கேட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பாலக்கோட்டில் இருநூறு பேர் வாரியத்திடம் ஒரு பொருளைக் கேட்டு நிற்கிறார்கள் என்ற செய்தி தேனாகப் பாய்ந்தது. இதுவரை யாரும் வாரியத்தைத் தேடி வந்ததே இல்லை. வந்தவர்களும் திட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

நிழல் வாரியம் கத்தி கொடுக்கலாமா என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். சட்டப் பிரிவு நான்கு நாள் ஆராய்ந்து குறிப்பு எழுதியது: ‘கத்தியால் குச்சி வெட்டலாம். குச்சியால் பந்தல் போடலாம். பந்தல் நிழல் தரும். ஆகவே, கத்தி என்பது மடக்கி வைக்கப்பட்ட நிழலே ஆகும்.’

இப்படித்தான் மடக்கு நிழல் திட்டம் பிறந்தது. குடும்பத்துக்கு ஒரு மடக்குக் கத்தி, முற்றிலும் இலவசம். முதல் கட்டமாகத் தர்மபுரி மாவட்டத்தில் ஆறாயிரம் கத்திகள்.

மாதவராஜின் மெமோவை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. அவரால் திட்டம் வந்தது. அவரால் நாடாவும் போனது. மெமோவை ரத்து செய்யலாம் என்றால், அது ஏற்கெனவே முனியப்பன் கைக்குப் போய்க் கட்டப்பட்டுவிட்டது. எனவே நியாயத்தின் தராசு ஒரு பக்கமும் சாயாதபடி, ஒரே நாளில் அவருக்கு ஊதிய உயர்வு நிறுத்தமும் பாராட்டுச் சான்றிதழும் வழங்கப்பட்டன. கூடவே ‘மடக்கு நிழல் ஒருங்கிணைப்பாளர் (பொறுப்பு)’ என்ற பதவியும் வந்தது.

“சம்பளத்த கொறச்சிட்டு எதுக்குங்க பாராட்டறாங்க?” என்று சசிகலா கேட்டார்.

“ரெண்டும் வேற வேற செக்ஷன் சசி.”

திட்டம் வருகிறது என்று தெரிந்ததும் ஊரில் கத்தி பிடித்துக்கொண்டது. வருகிற கத்திக்கு முன்னால் சொந்தமாக ஒன்று வைத்திருப்பது கவுரவம் என்றாயிற்று. வீரமணி வெளிநாட்டுக் கத்தி ஒன்றைத் தருவித்து, பெல்ட்டில் தோலுறை வைத்துத் தொங்கவிட்டுக்கொண்டார். உட்காரும்போது அது விலாவில் குத்தியதால், அதன் பிறகு நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். மாரண்டஹள்ளித் தையல்காரர் ஒருவர் வேட்டிக்குக் கத்திப் பை வைத்துத் தருவதாகப் போர்டு மாட்டினார். சம்பந்தம் பேசப் போன இடத்தில், “மாப்ளை என்ன கத்தி வெச்சிருக்காரு?” என்று கேட்டார்கள். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கத்தியை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் மறுபடி பாக்கெட்டில் செருகிக்கொண்டார்கள். யாரும் எதையும் வெட்டியதாகத் தகவல் இல்லை. கோடு போட்ட லுங்கியோடு வயலில் நின்றவர்கூடக் கிளிப் வெளியே தெரிகிற மாதிரிதான் நின்றார். வாழைக்குலை அறுப்பதற்கு வழக்கம்போல வீட்டிலிருந்து அருவாளைக் கொண்டுவரச் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவே மாதவராஜுக்கு ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்பத்து மூன்று ஆணைகள் இன்னும் அவர் மேசையிலேயே இருந்தன. “திட்டம் முடியட்டும், பாத்துக்கலாம்” என்று வீரமணி சொல்லிவிட்டார். ரோசம்மாளும் அந்தச் செவ்வாய் வரவில்லை, அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. அன்றைக்குக் காது மடலில் ஏறிய அந்தச் சூட்டை இன்னொரு தடவை, முழுசாக, அனுபவித்துவிட வேண்டும் என்று மாதவராஜ் ஏங்கினார். கத்தி வழங்கும் விழாவுக்கு நாற்பத்து மூன்று பேரும் எப்படியும் வருவார்கள். அங்கேயே கொடுத்துவிடுவது என்று, யாரையும் கேட்காமல், முடிவு செய்தார். மேலதிகாரியைக் கேட்காமல் அவர் எடுத்த இரண்டாவது முடிவு அது.

விழா பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. விடிந்ததிலிருந்து டிராக்டரிலும் டெம்போவிலும் ஜனம் வந்து இறங்கியது. கத்தி இரண்டு நிறப் பிடியில் வந்திருந்தது, பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. மஞ்சள்தான் அசல், பச்சை மட்டம் என்று எட்டு மணிக்கு யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு இல்லை, பச்சைதான் அசல் என்று ஆயிற்று. பத்து மணிக்கு, மஞ்சள் வேண்டும் என்று ஒரு கிராமமும், எங்களுக்கு மட்டும் ஏன் மஞ்சள் என்று இன்னொரு கிராமமும் மண்டபத்து வாசலில் சாலை மறியல் செய்தன. இரண்டு கிராமத்தாரும் ஒரே ரோட்டில், ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்து, ஒரே கேனிலிருந்து மோர் குடித்தார்கள்.

மாதவராஜ் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சிறு மேசையைப் போட்டார். ‘நிழல்வலை ஆணை வழங்குமிடம்’ என்று அட்டையில் எழுதி ஒட்டினார். ஆணைகளை ஊர்வாரியாக அடுக்கி, கல்யாணத்துக்கு வந்த மாமனைப் போலத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எடுத்துக்கொண்டார்.

மைக்கைப் பிடித்து நாற்பத்து மூன்று பெயரையும் படித்தார். வரிசையில் நின்றவர்கள் பெயர் வந்தபோது கையைத் தூக்கினார்கள். வரிசையை விட்டு மட்டும் நகரவில்லை. விட்டுவிட்டு வந்தால் இடம் போய்விடும்.

கடைசியில் ரோசம்மாளைப் பார்த்துவிட்டார். பெண்கள் வரிசையில் முன்னால் எட்டாவதாக, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் நெருக்கியவரை முழங்கையால் தடுத்தபடி நின்றிருந்தார். மாதவராஜ் ஆணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

“ரோசம்மா! இந்தாங்க. உங்க ஆணை. இங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். தொண்ணூறு நாளைக்குள்ள வலை வாங்கிக்கலாம்.”

ரோசம்மாள் தாளை வாங்கவில்லை. எட்டிப் பார்த்துத் தம் பெயர் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டார்.

“அது கெடக்கட்டும் சார். டோக்கன் கம்மியா இருக்குதாமே, உள்ள எத்தன பேருக்கு மிச்சம் இருக்குது?”

“என்னம்மா இது, பதினோரு வருஷமா இதுக்குத்தான நடந்தீங்க?”

“நடந்தன். நடந்து நடந்து என்ன ஆச்சி? மொத மொத விண்ணப்பம் குடுத்த வருசமே வரப்புல ஒரு புங்கங்கன்னு வெச்சன். அது இன்னிக்கு நாலு மாட்டுக்கு நெழல் குடுக்குது. உங்க வலை காயிதத்துல இருக்குது. கத்தி கண்ணுக்கு முன்னால இருக்குது. எத வாங்கறது, நீங்களே சொல்லுங்க.”

“காயிதத்த வாங்கிட்டீங்கன்னா வலை வந்துரும்மா.”

“இந்தக் காயிதத்தக் கொண்டு போனா அங்க இன்னொரு காயிதம் கேப்பாங்க. அத வாங்கறதுக்கு மறுபடி செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நான் பஸ் ஏறணும்.” பின்னாலிருந்தவர் நெருக்கினார், ரோசம்மாள் ஓர் அடி முன்னேறினார். பிறகு மனமிரங்கிய குரலில் சொன்னார்: “நீங்களே வெச்சிருங்க தம்பி. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும். இத்தன வருசம் இருந்துச்சே.”

மாதவராஜ் கையை இறக்கினார்.

மேடையிலிருந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீரமணி இறங்கி வந்தார். பெல்ட்டுக் கத்தி காரணமாக அதுவரை மேடையிலும் நின்றுகொண்டேதான் இருந்தார். “பாத்தீங்களா மாதவராஜ்? ஜனங்களுக்கு என்ன வேணும்னு நமக்குத்தான் தெரியுது. நாற்பத்து மூணு பேர்ல ஒருத்தராச்சும் வந்தாங்களா?”

“இல்ல சார்.”

“எழுதிக்கொண்டு வாங்க. பயனாளிகள் நிழல்வலையைவிட மடக்கு நிழலையே விரும்பியதால், மேற்படி கோப்பு முடித்துவைக்கப்படுகிறது.”

மாதவராஜ் எழுதினார். கீழே சிறிதாகத் தம் சுருக்கொப்பத்தைப் போட்டார். ஒரு வேலை முடிந்ததுதான், ஆனால் காது மடல் சூடாகவில்லை. முனியப்பன் புது நாடாவோடு பக்கத்திலேயே தயாராக நின்றார். கட்டி முடித்ததும் முடிச்சை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்.

“ஸ்டாஃப் கோட்டா அந்தப் பக்கம் சார்” என்று முனியப்பன் வழி காட்டினார். “மஞ்சக் கத்தி தீரப்போவுது.”

மாதவராஜ் ஒரு கணம் நின்றார். மானம் ஒரு பக்கம் இழுத்தது. மஞ்சள் தீரப்போகிறது என்ற சேதி இன்னொரு பக்கம் இழுத்தது. போய் வரிசையில் நின்று, மஞ்சளையே வாங்கிக்கொண்டார்.

திட்டம் அமோக வெற்றி. ஆறாயிரம் கத்திகளும் ஒரே வாரத்தில் தீர்ந்தன. எட்டு மாதம் கழித்து நிறைவறிக்கை அனுப்பும் வேலை ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் மாதவராஜிடம் வந்தது. அறிக்கையோடு கொள்முதல் நிபந்தனைகளை இணைக்க வேண்டியிருந்ததால், முதன்முறையாக அவற்றைப் படித்துப் பார்த்தார். ஏழாவது நிபந்தனை இப்படி இருந்தது: ‘பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி, கத்திகள் யாவும் கூர் தீட்டப்படாமல் வழங்கப்பட வேண்டும்.’

மாதவராஜ் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தார். விரித்தார். விளிம்பைக் கட்டைவிரலில் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தார். கரண்டியின் முதுகைத் தேய்த்தது போலிருந்தது. எட்டு மாதமாகத் தினமும் காலையில் தவறாமல் எடுத்துச் செருகிக்கொண்டு வந்த கத்தி அது. சன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிர் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் சட்டைப் பையிலும் பச்சையும் மஞ்சளுமாகக் கிளிப் மின்னியது.

கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அறிக்கையில் மீதியிருந்த கட்டங்களை நிரப்பத் தொடங்கினார். வழங்கப்பட்ட கத்திகள் என்ற இடத்தில் ஆறாயிரம் என்று எழுதினார். அடுத்த கட்டம், கத்தி வெட்டவில்லை என்று வந்த புகார்கள். பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒருமுறைக்கு இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதினார்.